நோகுதோ? கடிக்குதோ?

"நோகுதோ?"

"இல்லை."

"கடிக்குதோ?"

"அதுவும் இல்லை."

இந்த நாலு வரியும் பத்து மாதம் என்னோடு கூடவே திரிந்தன. மருந்துக்கடைத் தம்பி கேட்டான், மச்சான் கேட்டார், பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பிக்கிறவர்கள் கேட்டார்கள். கடைசியில் டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரி டொக்டரும் அதையே கேட்டார். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: எங்கள் பக்கத்தில் 'கடிக்குது' என்றால் 'அரிக்குது'.) இரண்டுக்கும் இல்லை என்றதும் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். "அப்ப ஒண்டும் இல்லை." டொக்டர் மட்டும் படைக்குப் பூசுகிற கிரீம் ஒன்றை எழுதித் தந்தார். இரண்டு குழாய் முடித்தேன். கிரீம் முடிந்ததே தவிரப் புண் அப்படியே இருந்தது.

இடது கையில், முழங்கைக்கு நாலு விரல் கீழே. தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு சிவப்புப் பொட்டாகத் தொடங்கியது. நுளம்புக்கடி என்று நினைத்தேன். நுளம்புக்கடி என்றால் இரண்டு நாளில் அமர்ந்துவிடும், இது அமரவில்லை. சித்திரையில் பயற்றம் மணியளவு, ஆவணியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு. நடுவில் காய்ந்த பொருக்கு, அதைச் சுற்றி உயர்ந்த விளிம்பு. மேலிருந்து பார்த்தால் எங்கள் ஊர்க் குளமும் குளக்கட்டும் போலவே இருக்கும். பொருக்கை நகத்தால் கிளப்பினால் கீழே இளஞ்சிவப்பாக ஈரம் தெரியும், ஆனால் சுருக்கென்று ஒரு குத்துக்கூட இராது. சொந்தத் தோலில் இருக்கிற புண்ணை அடுத்தவன் புண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிசி மட்டும்தான் விடவில்லை. "நோகாத புண்ணிலதான் எனக்குப் பயம்" என்றாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் பார்த்தாள், பிறகு கார்த்திகை மழையோடு மழையாக என்னைப் பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டொக்டர் சின்னப் பிள்ளை, என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயது. அவரும் அதே இரண்டு கேள்வியைத்தான் கேட்டார். நான் இல்லை, இல்லை என்றதும் அவருடைய முகம் மாறியது. மற்றவர்களை அமைதியாக்கிய பதில்கள் அவரை உஷாராக்கின. புண்ணின் விளிம்பில் ஊசியால் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பூசி அனுப்பினார். இரண்டு மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டு, "ஐயா, இது லீஷ்மேனியாசிஸ். மணல் ஈ கடிச்சு வாறது. பயப்பிடாதேங்கோ, இது ஆளைக் கொல்லாது" என்றார்.

அந்தக் கடைசி வசனம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஆறுதலுக்குத்தான் சொன்னார், எனக்கும் அந்த நேரத்தில் ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகுதான் அது உறுத்தத் தொடங்கியது.

ஆய்வுகூடத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து அந்தத் தகட்டை எனக்கும் ஒருக்கால் காட்டச் சொன்னேன். ஆசிரியன் என்ற சலுகையில் காட்டினார்கள். ஊதாச் சாயம் பிடித்த பெரிய கலம் ஒன்று, அதன் வயிறு முழுக்கக் குட்டிக் குட்டி முட்டை வடிவங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வட்டப் புள்ளி ஒன்று, பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று. அந்தப் பெரிய கலம் எங்கள் உடம்பின் காவற்காரன், வருகிற கிருமியை விழுங்கிச் செரிக்க வேண்டியவன். இந்தக் கிருமியையும் விழுங்கியிருக்கிறான், ஆனால் செரிக்க முடியவில்லை. கிருமி அவனுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. காவற்காரனே கிருமிக்கு வீடு என்றால் உடம்பு எங்கே கூக்குரல் போடும்? நோவில்லாததற்கு முழுக்காரணம் இதுதானா தெரியாது, ஆனால் தகட்டைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது அதுதான்.

வெள்ளிக்காலி

மணல் ஈ என்கிறார்களே, அதை நான் ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் வளவில் மணலும் இல்லை, செம்மண்தான். பிறகு விளங்கியது, அந்தப் பெயரே ஆளை ஏமாற்றுகிற பெயர். மணலில் இருப்பதால் அல்ல, மணல் நிறத்தில் இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. ஈ என்பதை விட நுளம்புக்குத்தான் கிட்டின சொந்தம். ஆனால் நுளம்பு போலத் தண்ணீரில் முட்டையிடாது. எருவும் சருகும் கலந்த ஈர மண், மாட்டுக்கொட்டில் தரை வெடிப்பு, புற்றுப் பொந்து, மரவேரின் அடி போன்ற இடங்களில்தான் குஞ்சு பொரிக்கும். ஆகவே தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்ததாலும் ரயரை அப்புறப்படுத்தியதாலும் இதற்கு ஒன்றும் குறையாது. தேங்கின தண்ணீரை அகற்று என்று டெங்குக்கு நாங்கள் படித்த பாடம் இங்கே உதவாது.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் ஒரு மாட்டுப்பட்டி. பட்டிக்கார அப்புவுக்கு எழுபது தாண்டியிருக்கும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு இரண்டு மாட்டோடு தொடங்கி இப்போது முப்பது வைத்திருக்கிறார். பின்னேரம் பால் வாங்கப் போகிற சாட்டில் நான் அங்கே குந்துவது வழக்கம். ஆறு மணிக்குச் சாணி வரட்டியைப் புகைய விட்டு, அவர் வெற்றிலை இடிக்க, நான் ஊர்ப்புதினம் கேட்பேன். கையில்லாத பெனியன், சாரம். மணல் ஈ இரை தேடி வெளிக்கிடுகிற நேரமும் அதுவே.

அந்த வருடக் கடைசியில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நாலு பேர் அப்புவின் பட்டியில் பொறி வைக்க வந்தார்கள். ஏதோ கருவி கொண்டுவருவார்கள் என்று பார்த்தால், ஒரு பெட்டி நிறைய வெள்ளைத் தாளும் ஒரு போத்தல் ஆமணக்கெண்ணெயும். தாளில் எண்ணெயைப் பூசி, கொட்டில் மரங்களிலும் புற்று வாயிலும் கட்டிவிட்டார்கள். கூடவே சின்ன மின்குமிழும் காற்றாடியும் பொருத்திய பொறி ஒன்றைத் தூக்கினார்கள். அப்பு என்னிடம் மெதுவாக, "தம்பி, இவ்வளவு படிச்சுப்போட்டு விளக்கெண்ணெயோட வந்திருக்குதுகள்" என்றார்.

விடியப் போனேன். தாளில் தூசி ஒட்டியது போல இருந்தது. ஒரு பிள்ளை கைக்கண்ணாடியைத் தந்து, "சேர், இப்ப பாருங்கோ" என்றது. அதன்பிறகுதான் அந்தத் தூசிக்குக் கால் முளைத்தது. இரண்டு, மூன்று மில்லிமீற்றர் நீளம், உடம்பு முழுக்க மயிர், கூன் விழுந்த முதுகு. இறகை நுளம்பு போல உடம்போடு மடித்து வைக்காது, இரண்டையும் மேலே தூக்கி வி எழுத்துப் போலப் பிடித்துக்கொண்டே இருக்கும். பறக்கிறதை விடத் தத்துவதுதான் அதிகம், கொஞ்சம் காற்றடித்தாலே தடுமாறும். மேசைக் காற்றாடி ஒன்று போதும் அதைத் தள்ளி வைக்க. ஆனால் நான் பத்து வருடமாக நம்பிப் படுக்கிற நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் அது தாராளமாக நுழைந்துவிடும். சத்தமும் இல்லை. இதன் உறவுக்கார இனம் ஒன்றுக்குப் பப்பட்டாசி என்று பெயர், இத்தாலியச் சொல். சத்தமில்லாமல் தின்னுகிறவன் என்று பொருளாம்.

தாளில் இருந்ததெல்லாம் ஒரே சாதி அல்ல. அன்றைக்கு அகப்பட்டதில் பெரும்பாலும் செர்ஜென்டோமியா. அவை பல்லி, ஓணான் இரத்தம் குடிப்பவை, இந்த நோயில் அவற்றுக்குப் பங்கில்லை. வயிற்று மயிர் படிந்து கிடந்தால் அது, நிமிர்ந்து நின்றால் பிளெபோடொமஸ் என்று பிள்ளைகள் காட்டித் தந்தார்கள். நிமிர்ந்த மயிரோடு இருந்த சிலவற்றில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, "இதுதான் சேர், அர்ஜென்டிபெஸ்" என்றார்கள். அந்தப் பெயருக்கு வெள்ளிக்கால் என்று அர்த்தம். காலை வெயிலில் சரித்துப் பிடித்தால் கால்கள் உண்மையாகவே மினுங்கின. 1908இல் கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்த அனண்டேல் இதை விவரித்துப் பெயர் வைத்தார். மாட்டு இரத்தம்தான் அதற்கு முதல் விருப்பம், மனிதர் பக்கத்தில் இருந்தால் மனிதரும் சரி. கடிப்பது பெண் மட்டுமே. நுளம்பு ஊசி போலக் குத்தி உறிஞ்சும், இதுவோ வாளால் அறுப்பது போலத் தோலைக் கிழித்து, ஊறுகிற இரத்தத்தை நக்கிக் குடிக்கும்.

உலகத்தில் ஆயிரமளவு மணல் ஈ இனங்கள் உண்டு, அவற்றில் இந்த நோய்க்குக் காரணமான லீஷ்மேனியாக் கிருமிகளைப் பரப்புகிறவை தொண்ணூற்றுச் சொச்சம். எல்லாக் கிருமியும் எல்லா ஈயிலும் வளராது. பப்பட்டாசி ஈயின் குடல் லீஷ்மேனியா மேஜர் என்ற கிருமியை மட்டுமே பிடித்து வைத்திருக்கும், மற்றவை இரத்தத்தோடு வெளியே போய்விடும். வெள்ளிக்காலி அந்த விஷயத்தில் வலு தாராளம். அதற்குள்ளும் கண்ணுக்குப் பிடிபடாத உட்பிரிவுகள் இருக்கின்றன, உணர்கொம்பில் இருக்கிற ஒரு மயிரின் நீளத்தை அளந்துதான் பிரிக்கிறார்கள். நெடுந்தீவில் அதன் ஏ, பி என்ற இரண்டு வகையும் இருப்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இலேயே எழுதிவிட்டார்கள். குதிரை பார்க்க நெடுந்தீவுக்குப் போய்க் கல்வேலியில் சாய்ந்து படம் எடுத்த எனக்கு, அங்கே இருந்த மற்ற உயிரைப் பற்றி யார் சொன்னார்கள்?

பிள்ளைகள் தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம் அப்பு தலைப்பாகையை அவிழ்த்துத் தலையைத் துடைத்தார். அந்த வெளிச்சத்தில் அவருடைய வலது காது எனக்கு நேரே இருந்தது. மடலின் மேல் விளிம்பில் பொருக்கு, அதைச் சுற்றிக் குளக்கட்டு.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். தலைப்பாகையும் இருட்டும் புகையும், அதைவிட என் கவனக்குறைவு.

"அப்பு, காதில என்ன?"

"அது ரெண்டு வரியமாக் கிடக்குது தம்பி. நோகேல்லை, கடிக்கேல்லை. எனக்கு அது கிடக்கிறதே மறந்துபோச்சு."

அப்புவின் காதிலிருந்து குடித்த ஈதான் என் கையையும் கடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வழி அதுதான். புண் உள்ள தோலில் குடிக்கிற ஈயின் வயிற்றுக்குள் கிருமி போகும், அங்கே வால் முளைத்துப் பெருகும், ஒரு வாரமளவில் அடுத்த கடிக்குத் தயாராகும். அந்த ஈ தூரம் போகாது. கொட்டிலும் வளவும் பக்கத்து வீடும்தான் அதன் உலகம். இலங்கையில் இது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவதாகக் கருதுகிறார்கள். அப்புவின் இரண்டு வருடத்தையும் என் பத்து மாதத்தையும் கூட்டிப் பார்த்தேன். பால் வாங்க வருகிறவர்களையும் எண்ணிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று போத்தலோடு வந்து என் மடியில் சாய்ந்துகொண்டு கதை கேட்கும். அது நினைவுக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

முந்திரிகை வற்றல்

அதன்பிறகு இராத்திரிகளில் வாசிக்கத் தொடங்கினேன். கிருமியின் முழுப்பெயர் லீஷ்மேனியா டொனோவானி. லீஷ்மன், இங்கிலாந்தில் இருந்த ஆமி டொக்டர். கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் காய்ச்சல் பிடித்துப்போய் 1900இல் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதைக் கண்டவர். டொனோவன் மதராஸ் பெரியாஸ்பத்திரியில் இருந்தவர், 1903இல் உயிரோடிருந்த ஒரு பையனின் மண்ணீரலிலேயே ஊசி போட்டு எடுத்துக் காட்டினார். யார் முதல் என்று சண்டை வராமல், மலேரியா ஆராய்ச்சியில் பேர்பெற்ற ரொனால்ட் ரொஸ் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பெயரில் முடிச்சுப் போட்டுவிட்டார். என் கையில் இருந்ததற்குப் பாதிப் பெயர் சென்னையில் வைத்தது என்று மனிசிக்குச் சொன்னேன். "நல்ல பெருமை" என்றாள்.

கிருமி அகப்பட்டாயிற்று, கொண்டுபோகிறது யார்? சென்னை கிண்டியில் இருந்த பற்றன் என்பவர், அது மூட்டைப்பூச்சி என்று அடித்துச் சொன்னார். பல வருடம் அந்தப் பாதையில் போயின. சிண்டன் என்பவர் நோய் இருக்கிற இடத்தையும் வெள்ளிக்காலி இருக்கிற இடத்தையும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பார்த்தார். பொருந்தியது. 1924இல் கல்கத்தாவில் அந்த ஈயின் குடலிலும் கிருமி வளர்வதைக் கண்டார்கள். சரி, பிடித்தாயிற்று என்றால், கடிக்க வைத்து நோயை உண்டாக்க முடியவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான கடி, பலன் ஏறக்குறைய சைபர். ஒரு வெள்ளெலிக்கு ஒருமுறை வந்தது, அவ்வளவுதான்.

முடிச்சை அவிழ்த்தது முந்திரிகை வற்றல், அதாவது உலர்ந்த திராட்சை. அதுவரை ஈயைப் பிடித்து வைத்திருந்தவர்கள் அதற்கு முதல் இரத்தம் கொடுத்து, பிறகும் இரத்தமே கொடுத்து வந்தார்கள். இரத்தம் குடிக்கிற பிராணிக்கு வேறு என்ன கொடுப்பது? ஆனால் அது காட்டில் செடிச்சாறும் இனிப்பும் குடிக்கிற பிராணி, இரத்தம் முட்டைக்கு மட்டும்தான். 1940ஐ ஒட்டி ஸ்மித்தும் ஹல்தாரும் அஹமதும் முதல் இரத்தத்துக்குப் பிறகு வற்றலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி பெருகிப் பெருகி ஈயின் தொண்டையையே அடைத்துவிட்டது. தொண்டை அடைத்த ஈயால் ஒழுங்காகக் குடிக்க முடியாது, திரும்பத் திரும்பக் குத்தும், குத்துகிறபோது அடைத்ததைத் தோலுக்குள்ளே கக்கும். இதை வைத்துத்தான் 1942இல் சுவாமிநாத், ஷோர்ட், அண்டர்சன் என்ற மூவரும், தாமாக முன்வந்த மனிதர்களில் கடிக்கவிட்டு, வெள்ளிக்காலிதான் காலா அசார் என்கிற கருங்காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நிரூபித்தார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். இத்தனை பெரிய மூளைகள் இத்தனை வருடம் தேடியது, அந்த ஈ மிச்ச நேரத்தில் என்ன சாப்பிடும் என்று யாரும் யோசிக்காததால் பிந்தியிருக்கிறது.

கருங்காய்ச்சல் என்று எழுதினேன் அல்லவா, உறுத்தல் அங்கேதான். என் கையில் பொருக்காக இருந்த அதே லீஷ்மேனியா டொனோவானி, அதே வெள்ளிக்காலி, பீகாரில் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் எலும்பு மச்சைக்கும் போய் ஆளைக் கொல்லும். மருந்தில்லாவிட்டால் தப்புவது அரிது. 1992இல் மட்டும் இந்தியாவில் எழுபத்தேழாயிரம் பேருக்கு வந்து, ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. அதே 1992இல்தான் இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய முதல் தோல் நோயாளியைப் பற்றி எழுதினார்கள், தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம். 2001க்குப் பிறகு வன்னிக் காட்டில் நின்ற படையினருக்குக் கூட்டமாக வந்தது. 2008இல் அறிவிக்க வேண்டிய நோய் ஆக்கினார்கள். பீகாரில் தெளித்தும் மருந்து கொடுத்தும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள், 2023இல் எல்லா வட்டாரங்களிலும் பத்தாயிரம் பேருக்கு ஒன்று என்ற அளவுக்குக் கீழே. அதே வருடம் பங்களாதேஷ் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது. எங்கள் வரைபடத்தில் மட்டும் அது மெல்ல மெல்லப் பரந்துகொண்டிருக்கிறது, யாரும் அவசரப்படாமல்.

ஒரே கிருமி எப்படி அங்கே உள்ளுறுப்பை அறுத்து இங்கே தோலைச் சுரண்டுகிறது? இலங்கை டொக்டர்களோடு சேர்ந்து கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக்காரர் 2014இல் இரண்டு வகையையும் ஒப்பிட்டார்கள். உள்ளுறுப்பில் பிழைத்திருக்க உதவும் ஏ2 என்ற மரபணுத் தொகுதி தோல் வகையில் குறைந்து கிடந்தது. அதைத் திரும்பக் கொடுத்தபோது எலிகளின் உள்ளுறுப்பில் கிருமி முன்பைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. ஆக இது வேறு பாம்பு அல்ல, நஞ்சு குறைந்த அதே பாம்பு. இலங்கையிலேயே உள்ளுக்குப் போன நோயாளிகள் சிலர் இருந்திருக்கிறார்கள். 'ஆளைக் கொல்லாது' என்பது இன்றைய தேதிக்குப் பெரும்பாலும் உண்மை. அதை நாளைக்கும் சேர்த்து எழுதிக்கொடுக்க ஆளில்லை.

அஞ்சனம்

நோகாத புண்ணுக்கு மருந்துதான் நோகும். கிழமைக்கொரு தரம் புண்ணைச் சுற்றி நாலைந்து இடத்தில் ஊசி. விளிம்புத் தோல் வெளிறிப்போகும் வரை மருந்தை இறக்குவார்கள். முதல் நாள் கதிரைக் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் வளைந்தது. மருந்தில் இருப்பது அன்டிமனி. அதுதான் எங்கள் அஞ்சனக்கல், கண்ணுக்குத் தீட்டிய மை. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களில் அதை யூரியாவோடு சேர்த்துச் செய்த மருந்து எத்தனையோ உயிரைக் காத்தது. இப்போது பீகாரில் அன்டிமனிக்குக் கிருமி அசையாது, வேறு மருந்துக்குப் போய்விட்டார்கள். இங்கே இன்னும் கேட்கிறது. எனக்கு ஒன்பது கிழமை பிடித்தது. இப்போது அந்த இடத்தில் கடதாசி போல மெல்லிய வெள்ளைத் தழும்பு.

அப்புவைக் கூட்டிக்கொண்டு போவதுதான் அதைவிடக் கஷ்டமாகிவிட்டது. பட்டியை யார் பார்ப்பது என்பார், மழை என்பார், "எழுவது வயசில எனக்குக் காது வடிவாயிருந்து என்ன" என்பார். பீகார்க் கதை சொன்னேன், மரபணுக் கதை சொன்னேன். முந்திரிகை வற்றல் கதையை மட்டும் ரசித்துக் கேட்டார். கடைசியில் பால் போத்தல் கொண்டுவருகிற பிள்ளையைக் காட்டினேன். அதன் கன்னத்தில் ஒன்றும் இல்லை, சும்மாதான் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு விடியச் சேட்டுப் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்றார்.

கிளினிக்கில் அதே டொக்டர் பிள்ளை. தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லி, காதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தது.

"நோகுதோ அப்பு?"

"இல்லைப் பிள்ளை."

"கடிக்குதோ?"

"கடிக்கேல்லை, நோகேல்லை" என்று அப்பு என் பக்கம் திரும்பினார். "இந்த வாத்தியார்தான் விடேல்லை."